பினாங்குக்கு மேலே ஒரு குளிர்காலம்

விமானத்தின் லேண்டிங் கியரைக் குளிர் என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ளப் பனி பெய்யும் நாட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. சென்னையிலிருந்து பினாங்குக்குப் பறக்கும் விமானத்தின் சக்கரங்கள், கிளம்பிய அரை மணி நேரத்தில் மைனஸ் 40 டிகிரிக்கும் கீழான குளிருக்குள் போய்விடுகின்றன. பயணிகள் உட்காரும் பகுதிக்கு வெப்பமும் உண்டு, காற்றழுத்தமும் உண்டு. சக்கரங்கள் மடங்கி அடங்கும் அறைக்கு இரண்டும் கிடையாது. மேலே ஒருவர் ஏர்கண்டிஷன் அதிகமாக இருக்கிறது என்று போர்வை கேட்டுக்கொண்டிருக்கும்போது, அவர் காலுக்குச் சில அடி கீழே ரப்பரும் எஃகும் எண்ணெயும் சைபீரியக் குளிரில் கிடக்கின்றன.

சென்னைக்கும் பினாங்குக்கும் இண்டிகோ நிறுவனம் 2024 டிசம்பர் 21 அன்று நேரடிச் சேவையைத் தொடங்கியது. மார்கழி பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதுவரை பெரும்பாலோர் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இறங்கி விமானம் மாறித்தான் பினாங்கு போய்ச் சேர்ந்தார்கள். நேர்கோட்டில் அளந்தால் தூரம் ஏறத்தாழ 2,350 கிலோமீட்டர். மீனம்பாக்கத்தை விட்டதும் வங்கக்கடல்தான். வழியில் வானம் தெளிந்திருந்தால் நிக்கோபார்த் தீவுகள் கண்ணில் படும், அதன் பிறகு மலாக்கா நீரிணையின் வடக்கு வாய். இந்தப் பாதையில் தரைமட்டத்தில் எங்கும் குளிர்காலம் என்ற ஒன்று இல்லை. சென்னைக்குக் குளிர்காலம் என்றால் போகியன்று விடியற்காலைப் புகைமூட்டத்தில் விமானங்கள் தாமதமாவதுதான். பினாங்கிலோ ஜனவரியும் பிப்ரவரியும் மழை குறைந்து வெயில் ஏறும் மாதங்கள். இங்கே குளிர் இருப்பது உயரத்தில் மட்டும். ஆனால் அது ஆண்டு முழுவதும் இருக்கிறது.

இந்த வழியில் பறக்கும் ஏர்பஸ் ஏ320 வகை விமானத்துக்குச் சக்கரங்கள் ஆறு: மூக்கில் இரண்டு, இறக்கைகளின் அடியில் இரண்டிரண்டாக நான்கு. ஒவ்வொரு காலும் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிச் செல்லும் இரண்டு எஃகுக் குழாய்களால் ஆனது. சைக்கிள் பம்பைத் தலைகீழாக நிறுத்தியது போன்ற அமைப்பு. உள்ளே எண்ணெயும் நைட்ரஜன் வாயுவும் அடைக்கப்பட்டிருக்கின்றன. தரையில் மோதும்போது வாயு சுருங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. எண்ணெய் சிறு துளை வழியாகப் பிதுங்கி, கால் மறுபடி துள்ளாமல் பிடித்து வைக்கிறது. கீழ்க்குழாயின் பளபளப்பான குரோம் பரப்பைச் சுற்றி ரப்பர் சீல்கள். மடக்குவதும் இறக்குவதும் சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு அழுத்தத்தில் ஓடும் ஹைட்ராலிக் எண்ணெயின் வேலை. மடக்கிய காலை மேலே பிடித்து வைக்க ஒரு கொக்கி, கால் பூட்டியதா இல்லையா என்று விமானிக்குச் சொல்லச் சென்சார்கள், எல்லாவற்றையும் மூடக் கதவுகள். குளிர் இவற்றில் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகத் தொடுகிறது. எண்ணெயும் கிரீஸும் தடிக்கும். ரப்பர் சீல் விறைத்துச் சுருங்கும். அந்த இடுக்கில் எண்ணெய் கசியும். நைட்ரஜன் சுருங்கினால் கால் வழக்கத்தைவிடத் தாழ்ந்து நிற்கும். பனி நாட்டு விமான நிலையங்களில் காலையில் விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதன் காரணம் பல நேரம் இவ்வளவுதான்.

ஆனால் வறண்ட குளிரைத் தாங்கும்படிதான் இவை செய்யப்பட்டிருக்கின்றன. தொல்லை தருவது குளிரோடு நீரும் சேரும்போது. வடகிழக்குப் பருவமழையில் நனைந்த சென்னை ஓடுபாதையில் விமானம் ஓடி எழும்போது, முன்சக்கரம் வாரியடிக்கும் நீர் பின்சக்கரங்களின் மேலும் பிரேக் தட்டுகளின் மேலும் கொக்கி இருக்கும் பள்ளத்திலும் தெறிக்கிறது. சில விநாடிகளில் கியர் மடங்கிக் கதவு சாத்தப்படுகிறது. உள்ளே போன நீர், விமானம் ஐந்து கிலோமீட்டர் உயரம் தாண்டியதும் உறையத் தொடங்கும். வெப்பமண்டலத்தில் உறைநிலை மட்டம் அந்த உயரத்தில்தான் இருக்கிறது.

அப்படியானால் பினாங்கில் இறங்கும்போது ஏன் கதவு ஒட்டிக்கொள்வதில்லை? விடை இறக்கத்தில் இருக்கிறது. அதே ஐந்து கிலோமீட்டர் மட்டத்தைத் தாண்டிக் கீழே வந்த பிறகு, தரையைத் தொட இன்னும் கால் மணி நேரமாவது ஆகும். அதற்குள் வெளிக்காற்று 20 டிகிரி, 25 டிகிரி என்று ஏறிவிடுகிறது. உறைந்தது உருகிச் சொட்டிவிடும். கியரை இறக்கும் நேரத்தில் அங்கே பனிக்கட்டி மிச்சமிருப்பது அபூர்வம். ஜனவரியில் சியோலுக்கோ டொராண்டோவுக்கோ ஸ்ரீநகருக்கோ போகும் விமானத்துக்கு இந்தக் கால் மணி நேரம் கிடைப்பதில்லை. புறப்பட்ட இடத்தில் ஏறிய ஈரம், மேலே உறைந்தது உறைந்தபடி தரை வரை வருகிறது. குளிர்கால லேண்டிங் கியர் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கிவிடும் எனலாம்.

அந்த ஊர்களில் ஓடுபாதையில் கிடப்பது நல்ல பனியும் இல்லை, நல்ல தண்ணீரும் இல்லை. இரண்டும் கலந்த பனிச்சேறு. சக்கரம் அதை அள்ளிக் கியரெங்கும் பூசிவிடும். அதனால் பனிச்சேற்றிலிருந்து எழும் விமானிகள் உடனே கியரை மடக்காமல் சற்று நேரம் காற்றில் தொங்க விடுகிறார்கள். சில வகை விமானங்களில் ஒரு முறை மடக்கி, இறக்கி, மீண்டும் மடக்குவதும் உண்டு. ஒட்டியிருப்பது உதிரட்டும் என்பதற்காக. பிரேக் தட்டுகளுக்கு நடுவில் நீர் உறைந்தால் சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்ளும். அப்படியே தரையில் மோதினால் டயர் ஓரிடத்திலேயே தேய்ந்து வெடிக்கும். நிறுத்தி வைக்கும்போதும் பார்க்கிங் பிரேக்கை விடுவித்துவிட்டு, கட்டைகளை முட்டுக்கொடுத்து நிறுத்துகிறார்கள். இரவில் பிரேக் உறைந்து ஒட்டாமலிருக்க அதுவே எளிய வழி. சென்சார் மேல் ஒரு விரற்கடை பனி படிந்தால் போதும், கால் சரியாகப் பூட்டியிருந்தும் விமானி முன்னால் சிவப்பு விளக்கு எரியும்.

பனிச்சேறு இதைவிடப் பெரிய கேட்டையும் செய்யவல்லது என்பதை உலகம் 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக்கில் கண்டது. மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியை ஏற்றிக்கொண்டு மூன்றாவது முறையாக எழ முயன்ற விமானம், ஓடுபாதைக் கோடியில் கிடந்த பனிச்சேற்றில் சக்கரங்கள் சிக்கி வேகமிழந்து, வேலியை உடைத்துப் போய் வீட்டில் மோதியது. 23 பேர் மாண்டார்கள். இறக்கையில் படிந்த பனியை நீக்காதது கேப்டன் ஜேம்ஸ் தெய்னின் குற்றம் என்று ஜெர்மன் விசாரணை சொன்னது. பனிச்சேறு சக்கரத்தை எவ்வளவு இழுக்கும் என்ற சோதனைகள் அதன் பிறகே தீவிரமாக நடந்தன. 1969இல் பிரிட்டிஷ் விசாரணைக் குழு அவர்மீது பழியில்லை என்றது. சக்கரத்தைப் பனிச்சேறு என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள ஒரு மனிதர் பதினோரு ஆண்டு பழி சுமக்க வேண்டியிருந்தது.

பினாங்கு நெருங்கும்போது விமானம் பெரும்பாலும் தீவின் தெற்கே கடல்மேல் சுற்றி வருகிறது. ஒரு பக்கம் தீவின் பச்சை மலைகள். மறுபக்கம் பெருநிலத்தோடு இணைக்கும் இரண்டு பாலங்கள் நீரில் கோடு கிழித்தாற்போலத் தெரியும். 1985இல் திறந்த பழைய பாலம் 13.5 கிலோமீட்டர், 2014இல் திறந்த இரண்டாம் பாலம் 24 கிலோமீட்டர். இந்தக் காட்சிகளுக்கு நடுவில் காலடியில் ஒரு முனகல், பிறகு காற்றின் இரைச்சல், கடைசியில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். கதவு திறந்து, கியர் இறங்கி, பூட்டிக்கொண்டதன் ஒலி அது. முதல் முறை பறப்பவர் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்ப்பது இந்த நிமிடத்தில்தான்.

அந்த ‘டொக்’ கேட்காவிட்டால்? ஹைட்ராலிக் அழுத்தம் போனாலும் கியர் இறங்க வழி வைத்திருக்கிறார்கள். ஏ320இல் இரு விமானிகளுக்கும் நடுவில் ஒரு கைப்பிடி இருக்கிறது. அதை மூன்று சுற்று சுற்றினால் கொக்கி விடுபட்டு, கால் தன் எடையாலேயே கீழே விழுந்து பூட்டிக்கொள்ளும். போயிங் 737இல் துணை விமானியின் இருக்கைக்குப் பின்னால் தரையில் ஒரு சிறு மூடிக்கு அடியில் மூன்று பிடிகள், காலுக்கு ஒன்றாக. இழுத்தால் போதும். குளிர் நாட்டு விமானிகளின் கவலை இதிலும் உண்டு: புவியீர்ப்பு எப்போதும் வேலை செய்யும், ஆனால் உறைந்த கொக்கி விட்டுக்கொடுத்தால்தானே கால் விழும்?

தமிழர்களுக்கு இந்தப் பதற்றம் புதிதல்ல. 2024 அக்டோபர் 11 மாலை, ஆயுதபூஜை நாள். திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் எழுந்த சற்று நேரத்தில் ஹைட்ராலிக் கோளாறு. 140க்கும் மேற்பட்ட பயணிகள். போயிங் 737க்கு எரிபொருளை வானில் கொட்டும் வசதி கிடையாது. அதனால் எடை குறையும்வரை இரண்டு மணி நேரத்துக்கும் மேல் திருச்சி வட்டாரத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. கீழே ஆம்புலன்ஸ்களும் தீயணைப்பு வண்டிகளும் வரிசை கட்டின. தொலைக்காட்சிகள் ‘வயிற்றால் தரையிறங்கப் போகிறது’ என்று ஒளிபரப்பிக்கொண்டிருந்தபோது, விமானம் சக்கரங்களை விரித்துக்கொண்டு சாதாரணமாக வந்து இறங்கியது. மலேசியாவிலும் அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் ஒன்று: 2014 ஏப்ரல் 20 இரவு கோலாலம்பூரிலிருந்து பெங்களூருக்குக் கிளம்பிய மலேசியா ஏர்லைன்ஸ் எம்எச்192 விமானத்தின் வலப்பக்கக் கியர் கோளாறாகி, எரிபொருளைத் தீர்க்கச் சில மணி நேரம் சுற்றிவிட்டு, நள்ளிரவுக்குப் பின் 166 பேரோடு பத்திரமாகத் திரும்பியது. எம்எச்370 காணாமல் போய் ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அந்த இரவு மலேசியாவில் பலர் தூங்கியிருக்க மாட்டார்கள். இரண்டிலும் குளிருக்குப் பங்கில்லை. கியர் கெட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பதற்கான ஒழுங்கு மட்டும் எல்லாப் பருவத்துக்கும் ஒன்றே: அவசரப்படாமல் சுற்று, எடையைக் குறை, மாற்று வழியில் இறக்கிப் பார், பிறகு வா.

பினாங்கு விமான நிலையம் ஜார்ஜ் டவுனுக்கு 16 கிலோமீட்டர் தெற்கே பாயான் லெப்பாஸில் இருக்கிறது. 1935இல் திறந்தது. ஓடுபாதை ஒன்றே ஒன்று; நீளம் 3,352 மீட்டர். 1936 மார்ச்சில் இம்பீரியல் ஏர்வேஸின் ‘டொராடோ’ என்ற விமானம் இங்கிருந்து கிளம்பி ஹாங்காங் போய்ச் சேர்ந்து அந்தத் தபால் வழியைத் தொடங்கி வைத்தது. டி ஹாவிலாண்ட் டிஎச்86 வகையான அதற்கு மடங்கும் கியரே கிடையாது. சக்கரங்கள் உறை போட்ட கால்களில் எப்போதும் வெளியேதான் நிற்கும். மறுஆண்டு சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் வழியாகப் பினாங்குக்கு விமானம் விட்ட வேர்ன்ஸ் நிறுவனத்தின் டிராகன் ரேப்பிட் விமானங்களும் அப்படித்தான். மெதுவாக, தாழப் பறந்த அந்தக் காலத்தில் கியர் உறையவும் இல்லை, ஒட்டவும் இல்லை. வேகத்துக்காகக் காலை மடக்கிய நாளிலிருந்துதான் கொக்கி, கதவு, சென்சார், அவற்றில் பனி என்ற இந்தக் கதை முழுவதும் வந்தது.

பாயான் லெப்பாஸில் சக்கரத்துக்கு முதல் எதிரி மழை. ஜார்ஜ் டவுன் வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் பெய்கிறது. சென்னையைவிட ஆயிரம் மில்லிமீட்டர் கூடுதல். செப்டம்பரிலும் அக்டோபரிலும் பிற்பகல் மழை கொட்டும்போது, ஓடுபாதை சற்று நேரத்துக்குக் குளம்போல ஆகிவிடும். குளிர் நாட்டு விமானி பனிச்சேற்றில் படும் பாட்டில் ஒரு பங்கை இங்குள்ள விமானிகள் வெந்நீர் போன்ற மழையில் படுகிறார்கள்.

நீர்மேல் வழுக்குவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள் வகுத்தது. டயரின் அழுத்தத்தை சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று எடுத்து, அதன் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால், எந்த வேகத்துக்கு மேல் டயர் தரையை விட்டு நீர்ப்படலத்தின் மேல் மிதக்கும் என்பது நாட் கணக்கில் கிடைக்கும். 200 பவுண்டு அழுத்தமுள்ள டயருக்கு 127 நாட், அதாவது மணிக்கு 235 கிலோமீட்டர். ஏ320 போன்ற விமானம் தரையைத் தொடும் வேகம் பெரும்பாலும் 130 முதல் 140 நாட். கணக்கு எவ்வளவு நெருக்கம் என்று பார்த்தால் வயிற்றைக் கலக்கும். நீரை வடியவிடும் மேடான நடுப்பகுதியும் சொரசொரப்பான மேற்பரப்பும் ஓடுபாதைக்கு வேண்டியிருப்பது இதனால்தான். விமானம் வழக்கமாகத் தொடும் இடத்தில் டயர் ரப்பர் உருகிக் கறுப்பாகப் படிந்து வழவழப்பாகும். அதையும் உயர் அழுத்த நீரைப் பீய்ச்சி அவ்வப்போது சுரண்டி எடுக்க வேண்டும்.

இதில் பயணிகள் எப்போதும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று உண்டு. மழையில் விமானம் ‘மொத்’தென்று இறங்கினால், “என்னண்ணே இப்படிப் போடுறான்!” என்று ஒரு குரல் நிச்சயம் எழும். உண்மையில் ஈர ஓடுபாதையில் அப்படி உறுதியாகப் பதிப்பதே சரி. டயர் நீர்ப்படலத்தைக் கிழித்துத் தரையைப் பிடித்து உடனே சுழலத் தொடங்க வேண்டும். சக்கரம் சுழன்றால்தான் வழுக்கல் தடுப்புப் பிரேக் தன் வேலையைத் தொடங்கும். பனி நாட்டில் இதே பதிப்பு பிரேக்கில் ஒட்டிய பனிக்கட்டியையும் நொறுக்கிவிடும். பட்டுப்போல இறக்கிக் கைத்தட்டு வாங்குவதை வெயில் நாளுக்கு வைத்துக்கொள்வதே விமானிக்கு அழகு.

பினாங்குக்கு வடக்கே பாங்காக்கில் 1999 செப்டம்பர் 23 இரவு குவாண்டாஸின் போயிங் 747 ஒன்று கொட்டும் மழையில் இறங்கியது. நெடுந்தூரம் தள்ளித் தொட்டது. மீண்டும் எழலாமா வேண்டாமா என்ற தடுமாற்றத்தில் விநாடிகள் போயின. டயர்கள் நீர்மேல் மிதந்தன. ஓடுபாதையைத் தாண்டி 220 மீட்டர் ஓடி, கோல்ஃப் மைதானத்தின் ஓரத்தில் போய் நின்றபோது முன்சக்கரத் தொகுதி முறிந்திருந்தது. 400க்கும் மேற்பட்டோர் உயிர் தப்பினர். 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் அந்த அதிர்ஷ்டம் இல்லை: மழையில், பின்காற்றோடு, தள்ளி இறங்கிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மேட்டு ஓடுபாதையிலிருந்து கீழே விழுந்து 21 பேர் இறந்தார்கள். அங்கேயும் கியர் கெட்டிருக்கவில்லை. கியருக்குத் தரை கிடைக்கவில்லை.

விமானம் வந்து நின்றதும், படிக்கட்டில் இறங்கும்போது திரும்பி இறக்கையின் அடியைப் பார்த்தால், பினாங்கில் பனிக்கட்டியைக் காணலாம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மூன்றரை மணி நேரம் உயரத்தில் இருந்ததில் இறக்கைத் தொட்டியிலுள்ள எரிபொருள் குளிர்ந்துபோயிருக்கும். தரையிலோ 30 டிகிரி வெப்பமும் பிழிந்தால் சொட்டும் ஈரக்காற்றும். குளிர்ந்த தகட்டில் அந்த ஈரம் படிந்து முதலில் வியர்க்கும். சில நாள் வெள்ளைப் படலமாக உறையவும் செய்யும். இறக்கையின் அடியில், தொட்டி இருக்கும் பகுதியில், 3 மில்லிமீட்டர் வரை இருந்தால் பறக்கலாம் என்று விதி இடம் கொடுக்கிறது. அது உருகிச் சொட்டும் நீர், வெயிலில் காயும் சிமெண்டுத் தரையிலும் பக்கத்துச் சக்கரத்தின் மேலும் விழுந்துகொண்டிருக்கும்.

அதே நிமிடத்தில் அந்தச் சக்கரத்துக்குள் கொதிக்கிறது. பிரேக் என்பது பல கார்பன் தட்டுகளின் அடுக்கு. ஐம்பது, அறுபது டன் எடையை மணிக்கு 250 கிலோமீட்டரிலிருந்து நிறுத்திய வேகமெல்லாம் அதில் வெப்பமாக இறங்கியிருக்கும். விமானம் நின்ற பின்னும் சில நிமிடங்களுக்கு அளவு ஏறிக்கொண்டே போகும். ஏ320இல் 300 டிகிரியைத் தாண்டியிருந்தால், ஆறும்வரை கிளம்பக் கூடாது: சூடான பிரேக்கை மடக்கி மூடிய அறைக்குள் வைத்தால், கசியும் எண்ணெய் தீப்பிடிக்கலாம். பினாங்கு–கோலாலம்பூர் போன்ற முக்கால் மணி நேரப் பயணங்களில், அரை மணியில் திருப்பி அனுப்பும் அவசரத்தில், நண்பகல் வெயிலில் இது தினசரிக் கவலை. பனி நாட்டில் பிரேக்கைச் சூடாக்க ஓட்டுகிறார்கள். இங்கே ஆறக் காத்திருக்கிறார்கள்.

டயரும் இந்த இரட்டை வாழ்க்கையில்தான் இருக்கிறது. உள்ளே அடைப்பது காற்றல்ல, நைட்ரஜன். 1986 மார்ச் 31 அன்று மெக்சிகானா நிறுவனத்தின் போயிங் 727இல் இறுகிப்போன பிரேக் சூடேற்றியதில், சாதாரணக் காற்று அடைத்திருந்த டயர் சக்கர அறைக்குள்ளேயே வெடித்து 167 பேர் இறந்தார்கள். அதன் பிறகு நைட்ரஜன் கட்டாயமானது. நைட்ரஜனில் ஈரமும் இல்லை, எனவே உள்ளே உறைவதற்கும் எதுவுமில்லை. ஆனால் குளிரில் சுருங்கத்தான் செய்யும்: ஏறத்தாழ 3 டிகிரிக்கு ஒரு சதவீதம். பினாங்கில் 30 டிகிரியில் 200 பவுண்டுக்குச் சரியாக அடைத்த டயர், மைனஸ் 10 டிகிரி உள்ள ஊரில் காலையில் 172 பவுண்டுதான் காட்டும். ஆகவே வெப்ப ஊரிலிருந்து குளிர் ஊருக்குப் போகும் விமானத்துக்குப் போய்ச்சேரும் ஊரைக் கணக்கில் வைத்தே அடைக்கச் சொல்கிறார்கள் டயர் உற்பத்தியாளர்கள். காற்று குறைந்த டயர் எவ்வளவு கொடியது என்பதற்குச் சான்று குளிரில் இல்லை, பாலைவனத்தில் இருக்கிறது. 1991 ஜூலை 11 அன்று ஜெட்டாவிலிருந்து நைஜீரிய ஹஜ் பயணிகளை ஏற்றிக் கிளம்பிய டிசி8 விமானத்தில், அழுத்தம் குறைந்திருந்த டயர்கள் ஓடுபாதையிலேயே சூடேறிச் சிதைந்து தீப்பிடித்தன. எரியும் சக்கரத்தை அறியாமல் உள்ளே மடக்கினார்கள். 261 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

விமான நிலையத்துக்குத் தெற்கே கடலோரம் பெர்மாத்தாங் டாமார் லாவுட் என்ற மீனவர் கிராமம். தெற்கிலிருந்து இறங்கும் விமானங்கள் இங்கே தலைக்கு மேலே தாழப் போகும். கரையில் படகுகள், கடலைத் தூர்த்து உருவாக்கும் புதிய தீவின் மணல்மேடு. எழும்பும் விமானத்தைக் கீழிருந்து பார்க்க இது நல்ல இடம். ஏர்ஏசியாவின் ஏ320 கிளம்பினால், கியர் மடங்கிக் கதவு மூடி வயிறு வழவழவென்று ஆகிவிடும். மலேசியா ஏர்லைன்ஸின் 737 கிளம்பினால், மடங்கிய பிறகும் இரண்டு வட்டங்கள் வயிற்றில் தெரியும்: அதன் பின்சக்கரங்களுக்கு முழுக் கதவு கிடையாது, சக்கரத்தின் வெளிப்பக்கமே மூடியாகிவிடுகிறது. உறைந்து ஒட்டக் கதவே இல்லாதது ஒரு வகையில் வசதி; தெறிப்பதெல்லாம் நேரே மேலே படுவது இன்னொரு பக்கம்.

இந்தக் கரைக்காற்றில் இருப்பது உப்பு. பினாங்கின் உண்மையான கியர் நோய் அதுதான். பனியைப்போல ஒரு நாளில் வந்து போவதில்லை, ஆண்டுக்கணக்கில் தின்கிறது. கியர்க் கால்கள் மிக வலிமையான எஃகு. ஆனால் அந்த எஃகு துருவுக்கு எளிதில் இரையாகும். பூச்சில் சிறு கீறல் விழுந்து உப்பீரம் இறங்கினால், உள்ளுக்குள் மயிரிழை வெடிப்பு ஓடத் தொடங்கும். குளிர் நாட்டாருக்கும் இந்த நோய் உண்டு. 2007 செப்டம்பர் 9 அன்று டென்மார்க்கின் ஆல்போர்கிலும், 12 அன்று லிதுவேனியாவின் வில்னியஸிலும், எஸ்ஏஎஸ் நிறுவனத்தின் இரண்டு டாஷ்8 க்யூ400 விமானங்களின் வலப்பக்கக் கியர் தரையிறங்கியதும் மடங்கிச் சரிந்தது. கியரை இழுக்கும் கம்பியின் மரைக்குள் துரு ஏறிக் கழன்றிருந்தது. அக்டோபரில் கோப்பன்ஹேகனில் மூன்றாவது விமானம், இம்முறை வேறு காரணத்தால், சரிந்ததும் அந்த வகை விமானங்கள் அத்தனையையும் எஸ்ஏஎஸ் கைவிட்டது. மூன்றிலும் யாரும் சாகவில்லை. ஆனால் பனிக்காக அஞ்சிய நாட்டில் கியரைச் சாய்த்தது துரு என்பது கவனிக்கத்தக்கது.

பனியைக் கரைக்க ஓடுபாதையில் தெளிக்கும் மருந்தும் தன் பங்குக்குக் கெடுதல் செய்கிறது. பொட்டாசியம் அசிடேட், பொட்டாசியம் ஃபார்மேட் கரைசல்கள் பிரேக்கின் கார்பன் தட்டில் ஊறினால், வழக்கத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே கார்பன் எரிந்து பொடியத் தொடங்கும். அது தெரிவது பெரும்பாலும் குளிர்காலம் முடிந்த பிறகு, சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கும் பட்டறையில். அதனால் வடநாடுகளுக்கு அடிக்கடி போய்வரும் விமானம் வெப்பமண்டலத்தில் நின்றாலும் அதன் பிரேக்கைக் குளிர்காலக் கண்ணோடுதான் பரிசோதிக்க வேண்டும்.

பராமரிப்பில் குளிர் ஊருக்கும் பினாங்குக்கும் பொதுவான வேலை ஒன்று உண்டு. பொறியாளர் ஒவ்வொரு முறையும் கியரைச் சுற்றி வந்து குரோம் பரப்பைத் துடைக்கிறார். அங்கே துடைப்பது பனிக்கட்டியை, இங்கே துடைப்பது உப்பையும் தூசியையும். இரண்டுமே சீலை அறுத்து எண்ணெயைக் கசியவிடக் கூடியவை. பிறகு கால் எவ்வளவு உயரம் நிற்கிறது, டயரில் வெட்டு இருக்கிறதா, பிரேக் தேய்மானத்தைக் காட்டும் ஊசி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்கிறார். ஏறத்தாழ பத்து ஆண்டுக்கு ஒரு முறை கால்களை முழுவதுமாகக் கழற்றி, பூச்சை உரித்து, வெடிப்புத் தேடி, புதிதாகப் பூசிப் பொருத்துகிறார்கள். பிரேக் தட்டுகள் அதற்குள் பல முறை மாறிவிடும். உலகின் பல விமானங்களுக்கு அந்தக் கார்பன் தட்டுகளைச் செய்யும் சஃப்ரான் நிறுவனத்தின் ஆலைகளில் ஒன்று, பினாங்கிலிருந்து தெற்கே, பனி என்பதையே காணாத நெகிரி செம்பிலானின் செண்டாயானில் இயங்குகிறது.